சிகரெட் பெட்டிக்குள் ராஜ சின்னம்!

சிகரெட் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய வண்ணப் படம். அதில் சிங்கம், கழுகு, கிரீடம், கேடயம்! ஏதோ ஒரு நாட்டின் அரச சின்னம். அட்டையைத் திருப்பினால் அதன் விளக்கம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் இப்படித்தான் சிகரெட் விற்றார்கள். அப்போது பெட்டி மெல்லிய காகிதம். சிகரெட் நசுங்காமல் இருக்க, உள்ளே ஓர் அட்டை வைத்தார்கள். பிறகு அந்த அட்டையில் படம் அச்சிட்டார்கள். 1905-ல் பிளேயர்ஸ் கம்பெனி, பல நாடுகளின் சின்னங்களையும் கொடிகளையும் 50 அட்டைகளாக வெளியிட்டது.

ஐம்பதும் சேரவேண்டுமா? அதே சிகரெட்டைத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். அதுதான் தந்திரம்! புகைப்பவர் அப்பா, படம் சேர்ப்பது பிள்ளை. 1940-ல் போர்க்காலக் காகிதப் பஞ்சத்தால் அந்த அட்டைகள் நின்றன.

கைமாறிய காளை

அரச சின்னம் நம் நாட்டுக்கும் பழையது. ஜவ்வாது மலைக்கு வடக்கே, வாணியம்பாடியை அடுத்து உதயேந்திரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு செப்பேட்டின் முத்திரையில் படுத்திருக்கும் காளையைக் காணலாம். இருபுறமும் விளக்குகள், மேலே குடை.

காளை, வாண அரசர்களின் சின்னம். செப்பேடு கொடுத்தவனோ கங்க குலத்துப் பிருதிவிபதி! அவன் கையில் வாணர் காளை வந்தது எப்படி?

பத்தாம் நூற்றாண்டில் சோழன் முதலாம் பராந்தகன் வாணரை வென்றான். வாணர் தலைவன் என்ற பட்டத்தைப் பிருதிவிபதிக்கு அளித்தான். பட்டத்தோடு காளையும் கைமாறியது. நாட்டை இழந்தவன் சின்னத்தையும் இழந்தான்.

வெள்ளையர் தந்த கொடி

1877-ல் டில்லியில் ஒரு பெரிய தர்பார் நடந்தது. விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். வந்திருந்த நம் ராஜாக்களுக்குச் சின்னம் பொறித்த பட்டுக் கொடிகளைக் கொடுத்தார்கள். அவற்றை வரைந்தவர் ராபர்ட் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி. ராஜா நம்மவர், அவருடைய சின்னத்தை வகுத்தவர் அந்நியர்!

நம் கோபுரம்

சுதந்திரம் வந்தபின் 1949-ல் சென்னை அரசு தன் சின்னத்தைத் தானே தேர்ந்துகொண்டது. கோயில் கோபுரமும் அசோகரின் சிங்கங்களும் அதில் இடம்பெற்றன. அதுவே இன்று தமிழ்நாட்டின் சின்னம்.

உங்கள் வீட்டு ரேஷன் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் கோபுரம் இருக்கும். குழந்தைகளுக்குக் காட்டி, அதன் கதையைச் சொல்லுங்கள். இந்தப் படத்துக்குச் சிகரெட் வாங்க வேண்டியதில்லை!