இராவணன் பக்கத்து வழக்கு

ஆட்டையாம்பட்டியைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சீமையின் கூத்துகளில், துரியோதனன் திரைமறைவில் நின்று தன் குலமும் கொற்றமும் தானே பாடிக்கொண்டு வெளிப்படுகிறான். தன் வழக்கைத் தானே உரைக்கிறான். அதைக் கேட்டதனால் பாண்டவர்பால் வைத்த பக்தியை எந்தக் குடியானவரும் இழந்ததில்லை. பகைவன் வாய்மொழியையும் கேட்பது நம் நாட்டு மரபேயாம்.

இம்மரபைப் பெருங்காவியமாக விரித்தவர் புலவர் குழந்தை. ஈரோட்டுப் பக்கத்து ஓலவலசில் 1906-இல் பிறந்து, பவானியில் தமிழாசிரியராயிருந்த அவர், 1946-இல் ‘இராவண காவியம்’ வெளியிட்டார். ஐந்து காண்டங்கள், 3,100 செய்யுட்கள். அதில் இராவணன் செங்கோல் வழுவாத தமிழ் வேந்தன். தீங்கிழைத்தோர் வடக்கிருந்து வந்தோர். இது முன்னில்லாப் புதுமையன்று. வங்கத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861-இலேயே இந்திரஜித்தைத் தலைவனாக்கிக் காவியம் பாடினார். வங்கமோ அதைத் தன் இலக்கியச் செல்வமாகப் போற்றிற்று.

நம் மாகாணத்தில் நடந்தது வேறு. 1948-இல், சுதந்திரம் வந்த மறு ஆண்டே, சென்னை சர்க்கார் அந்நூலுக்குத் தடை விதித்தது. இராமபிரானைத் தெய்வமாகத் தொழுவோர்க்கு இக்காவியம் கசக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 1928-இல் வெள்ளையர் சர்க்கார் பாரதியார் பாடல்களைப் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து கண்டித்தாரன்றோ? அந்நியன் செய்தால் அநீதி, நம்மவர் செய்தால் நீதியோ?

மறுபக்கத்தாரும் இதை எண்ணுதல் வேண்டும். கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டுமென்று அண்ணாதுரையும், கூடாதென்று நாவலர் சோமசுந்தர பாரதியாரும் 1943-இல் சேலத்தில் ஒரே மேடையில் வாதிட்டனர். அந்த வாதம் நாட்டுக்கு நல்லது, நெருப்பு நல்லதன்று. நூலைக் கொளுத்துவதும் நூலைத் தடுப்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

தடை 1971-இல் நீங்கிற்று. மறு ஆண்டே புலவர் மறைந்தார். இருபத்துமூன்று ஆண்டுக் காவலால் கம்பன் புகழ் ஒரு மாத்திரையேனும் உயர்ந்ததுண்டோ? இராவணனுக்கு வீரமும் வீணையும் குறைவறத் தந்த கம்பனுக்குப் போலீஸ் துணை எதற்கு? கவியைக் கவியால் வெல்க. வாதத்தை வாதத்தால் வெல்க. துரியோதனனைப் பேசவிட்டுக் கேட்கும் குடியானவனின் நெஞ்சுரம், கோட்டையில் அமர்ந்தோர்க்கு இல்லாமற் போயிற்றே என்பதுதான் நம் வருத்தம்.