கால் தாழ்ந்தால் சாய்வு குறையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே செல்லும் மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு வளைவிலும் உட்புறமாகச் சாய்வதைக் கவனித்திருப்பீர்கள். சாயாமல் திரும்ப முயன்றால் வண்டி வெளிப்புறமாகக் கவிழ்ந்துவிடும்.

உயரமானவர்களுக்கு நீண்ட பயணத்தில் முழங்கால் அதிகம் மடங்கி வலிக்கும். அதனால் சிலர் வண்டியுடன் வந்த ஃபுட்ரெஸ்டைக் கழற்றிவிட்டு, தாழ்வான ஒன்றைப் பொருத்துகிறார்கள். வலி குறைகிறது. ஆனால் வளைவில் என்ன ஆகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

முதலில், வண்டி எவ்வளவு சாய வேண்டும்?

சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் = (வேகம்)² ÷ (வளைவின் ஆரம் × புவியீர்ப்பு முடுக்கம்)

ஆரம் 10 மீட்டர், வேகம் மணிக்கு 30 கி.மீ., அதாவது நொடிக்கு 8.33 மீட்டர் என்று கொள்வோம். விடை 0.71, கோணம் சுமார் 35 பாகை. இதில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒல்லியானவரும் பருத்தவரும் ஒரே அளவுதான் சாய வேண்டும்!

அடுத்து, எவ்வளவு சாய முடியும்? ஃபுட்ரெஸ்டின் நுனி தரையிலிருந்து 28 செ.மீ. உயரத்திலும், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 36 செ.மீ. தள்ளியும் இருக்கட்டும். டயரின் அகலத்தை விட்டுவிட்டால், 28 ÷ 36 = 0.78. நுனி தரையைத் தொடும் கோணம் 38 பாகை. ஃபுட்ரெஸ்டை 4 செ.மீ. தாழ்த்தினால், 24 ÷ 36 = 0.67. கோணம் 34 பாகைதான். முன்பு தாராளமாகத் திரும்பிய அதே வளைவில், அதே வேகத்தில், இப்போது நுனி தரையில் உரசும்!

ஃபுட்ரெஸ்ட் ஸ்பிரிங்குடன் மேலே மடங்கும்படி அமைந்திருப்பது இதற்காகத்தான். உரசும்போது அது மடங்கி எச்சரிக்கை தரும். மடங்காத கம்பியைப் பற்றவைத்திருந்தால், அது தரையில் ஊன்றி, பின்சக்கரத்தின் பிடிப்பைக் குறைத்து, வண்டியைச் சறுக்கிவிடும்.

பிரேக் பெடலையும் மறக்கக்கூடாது. அது பழைய உயரத்திலேயே இருந்தால், பாதத்தைத் தூக்கித்தான் மிதிக்க வேண்டும். அதில் அரை நொடி வீணானாலும் வண்டி 4 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே பெடலையும் கியர் லீவரையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

அப்படியானால் தாழ்வான ஃபுட்ரெஸ்டே ஆகாதா? அப்படியில்லை. சாய்வு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 25 கி.மீ. ஆகக் குறைத்தால் அதே வளைவுக்கு 26 பாகை போதும்.

உங்கள் வீட்டு வண்டியைப் பெரியவர் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்கட்டும். நுனியின் உயரத்தையும் தூரத்தையும் அளந்து, அது எத்தனை பாகை சாயும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.