பிரம்மபுரத்தின் பன்னிரண்டு நாள் புகை

2023 மார்ச் 2, வியாழக்கிழமை. கொச்சி மாநகராட்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. கொழுந்துவிட்ட தீ சில நாட்களில் அடங்கியது. புகை அடங்க மார்ச் 13 ஆயிற்று. அதற்குள் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், மாவட்ட ஆட்சியரை மாற்றினார்கள், உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நடிகர் மம்மூட்டிகூடத் தன்னையும் இருமல் விடவில்லை என்றார்.

நம் சூலூர் விமானப்படைத் தளத்து ஹெலிகாப்டர் வரை வந்து தண்ணீரைக் கொட்டிப் பார்த்தது. டிவிக்கு நல்ல காட்சி. ஆனால் ஆளுயரத்துக்கும் மேலே அடைந்து கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையில், மேலே ஊற்றும் தண்ணீர் அடிவரை இறங்காது. உள்ளே காற்று குறைவு என்பதால் தீ கொழுந்து விடாமல் கனன்றுகொண்டே இருக்கும். அப்படி அரைகுறையாக எரியும்போதுதான் புகை அதிகம், நச்சும் அதிகம். கடைசியில் கைகொடுத்தது பொக்லைன்தான். இரவு பகலாகக் குப்பையைக் கிளறிப் புரட்டி, கடம்பிரையாற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து ஊற்றினார்கள்.

இது கேரளத்துக் கதை மட்டுமல்ல. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரல் 27 அன்று பற்றி, நாள்கணக்கில் புகைந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர். அங்கே தீயணைப்புக்குக் காட்டிய செலவு 76 லட்ச ரூபாய்க்கு மேல். அதில் சாப்பாடு, டீ வகையறா மட்டும் 27 லட்சம் என்று கணக்கு வந்தபோது, புகையைவிட அதுதான் அதிகம் பேசப்பட்டது!

புகைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? நுரையீரலின் அடிவரை போகும் துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது. தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. துப்பட்டாவும் கைக்குட்டையும் அதைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் தடுக்கும். தாடி இருந்தால் இடுக்கு விழும். காற்றோட்டமில்லாத விடியற்காலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று புகையை மேலே எழவிடாது. அதனால் வாக்கிங் போக அதுவே மோசமான நேரம். வெயில் ஏறி, புகை விலகிய பிறகு ஜன்னலைத் திறக்கலாம். அதுவரை அடைத்துவைத்த வீட்டுக்குள் கொசுவத்தியும் சாம்பிராணியும் வேண்டாம். வெளிப்புகை போதாதென்று உள்புகையா? ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கினால் யோசிக்காமல் 108.

கொச்சிக்குக் கடற்படையும் வந்தது. திருத்தணி பக்கத்துத் தறி ஊரான பொதட்டூர்பேட்டை போன்ற பேரூராட்சிக்கு எது வரும்? ஒரு வசதி, சிற்றூரின் குப்பைமேடு சிறியது. பற்றிய பகுதியைத் தனியே பிரித்து, நனைத்து, மண் போட்டு மூடினால் காற்றுப் போகாமல் தீ செத்துவிடும். முதல் நாளே செய்தால்தான் இது பலிக்கும். ‘தானாக அணையட்டும்’ என்று விட்டால் பொக்லைனுக்கு வாடகை கொடுக்க வேண்டிவரும்.

குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. பிரம்மபுரத்துக்காகக் கொச்சி மாநகராட்சிக்கு அதே தீர்ப்பாயம் போட்ட தொகை 100 கோடி.