இணையதளம் முதலிலா, வாடிக்கையாளர் முதலிலா?

விளைச்சலை நேரடியாக விற்க இறங்கும் விவசாயிகளிடம், 'முதலில் இணையதளம் தொடங்குங்கள்' என்றே பலரும் சொல்கிறார்கள். இணையதளம் ஒரு கடை மாதிரி. திறந்து வைத்தால் போதாது. ஆள் வர வேண்டும். விற்பனை இல்லாவிட்டாலும் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.

'சேல்ஸ் ஃபனல்' என்பது வேறு. புனலின் அகன்ற வாய்போலப் பலருக்குத் தகவல் சொல்லி, ஆர்வம் காட்டுபவர்களின் போன் நம்பரை வாங்கி, முதலில் சிறிய அளவில் கொடுத்து, ருசி பிடித்தவர்களை நிரந்தர வாடிக்கையாளர்களாக்கும் வழி அது.

மாந்தோப்புக்கு இதுதான் பொருத்தம். பழுத்த பழம் காத்திருக்காது. வாங்க ஆள் இல்லையென்றால் வியாபாரி சொல்வதுதான் விலை. காய் முற்றும் முன்பே தோப்புப் படங்களை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அனுப்பி, முன்பதிவு வாங்கி, அந்த அளவுக்குப் பறித்து, கார்பைடு கல் இல்லாமல் வைக்கோலில் பழுக்க வைத்து அனுப்பலாம். செயலி இலவசம். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், விவசாயியின் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தகவல் போய்ச் சேரும். அதனால் முதல் பெட்டியிலேயே, 'இந்த நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள்' என்று ஒரு சீட்டு வைப்பது நல்லது.

அரிசி, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை என ஆண்டு முழுக்க பல பொருள்கள் விற்பவர்களுக்கு, ஆர்டர்கள் போனில் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகும்போது இணையதளம் கைகொடுக்கும். எந்த வழியில் விற்றாலும், பாக்கெட்டில் அடைத்த உணவுப் பொருளின் லேபிளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் அவசியம்.

வாங்கியவர் மறுபடியும் கேட்கிறாரா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு இணையதளத்துக்குச் செலவு செய்யலாம்.