மீசை முளைத்த டிரான்சிஸ்டர்

கட்டுகஸ்தோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் தகப்பனார் வாங்கிய ஃபிலிப்ஸ் டிரான்சிஸ்டர் ரேடியோ ஊமையாகிவிட்டதாம். இனிச் சரிவராது, தூக்கிப் போடுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து எதையாவது கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகக் கழற்றலாம். ஸ்பீக்கரையும் ஐ.எஃப். கொயில்களையும் ஸ்டேஷன் பிடிக்கும் கேங் கன்டென்சரையும் பத்திரப்படுத்துங்கள். எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்களை மட்டும் நம்ப வேண்டாம்; உள்ளேயுள்ள திரவம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஐரோப்பிய டிரான்சிஸ்டரை அதன் பெயரே காட்டிக்கொடுக்கும். முதல் எழுத்து ஏ என்றால் ஜெர்மானியம், பி என்றால் சிலிக்கன். இரண்டாவது சி என்றால் ஒலிப்பகுதிக்கு உரியது, எஃப் என்றால் வானலைப் பகுதிக்கு. ஏ.சி. 128 ஸ்பீக்கரை ஓட்டும்; ஏ.எஃப். 117 அலையைப் பெருக்கும்.

இந்த ஏ.எஃப். 117 மீது எனக்குத் தனிப் பிரியம். 1960களின் செட்டுகளில் நிறையவே இருக்கும். சின்னத் தகரக் குப்பி, அடியில் மூன்றுக்குப் பதிலாக நான்கு கால். நாலாவது கால் உள்ளே எந்த வேலையும் செய்வதில்லை. குப்பியோடு மட்டும் இணைந்து, வெளி இரைச்சலைத் தரைக்கு அனுப்பும் கவசக் கால் அது. கோளாறு இந்தக் குப்பியில்தான் பிறக்கிறது. உட்சுவரில் பூசிய வெள்ளீயத்திலிருந்து, தலைமயிரைவிட மிக மெல்லிய உலோக இழைகள் ஆண்டுக்கணக்கில் தாமாகவே வளர்கின்றன. இருட்டுப் பெட்டியில் கிடக்கும் உருளைக்கிழங்கு தண்ணீரோ வெயிலோ இல்லாமல் தன் உடம்பிலிருந்தே முளைவிடுமே, அப்படி. ஓர் இழை நீண்டு உள்ளேயுள்ள கம்பியைத் தொட்டால் ஷோர்ட், ரேடியோ ஊமை. கண்டி ஈரத்தில் கெட்டுவிட்டது என்பார்கள். ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலமாரியில் பிரிக்காமல் கிடந்த புதுச் சரக்கிலும் இதே மீசை முளைக்கிறது. 1998இல் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோளைச் செயலிழக்கச் செய்ததும் இத்தகைய வெள்ளீய இழைதான் என்று முடிவுகட்டினார்கள். வெள்ளீயத்தோடு கொஞ்சம் காரீயம் சேர்த்தால் வளர்ச்சி அடங்கும். 2006இல் ஐரோப்பா மின்னணுச் சாதனங்களில் காரீயத்துக்குத் தடை போட்டதும் பொறியாளர்களுக்குப் பழைய கவலை திரும்பி வந்தது.

மருத்துவம் எளிது. கவசக் காலைப் பாதியில் வெட்டுங்கள். குப்பியோடு நிற்கும் துண்டுக்கும் மற்ற மூன்று கால்களுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு காலோடு மட்டும் தொடர்பு காட்டினால், வெட்டியதே போதும். ரேடியோ அநேகமாகப் பேசும். இரண்டு கால்களோடு காட்டினால் அவை குப்பி வழியாக ஒன்றையொன்று தொடுகின்றன. டிரான்சிஸ்டரைக் கழற்றி, மூன்று கால்களையும் சேர்த்துக் கட்டி, மின்னேற்றிய கன்டென்சர் ஒன்றை அவற்றுக்கும் குப்பிக்கும் இடையே தொடுவார்கள். இழை எரிந்துபோகும். சில காலத்தில் மறுபடி முளைக்கலாம்.

நிமிட வேலைதான். அதைப் பார்க்க ஆளில்லாமல் எத்தனை செட்டுகள் போயின! லயத்து அறைகளில் மின்சாரம் வருமுன்பே பற்றரியில் இலங்கை வானொலியைக் கொண்டுவந்து சேர்த்த பெட்டிகள் அவை. அவற்றின் கூட்டை அலங்காரத்துக்கு எடுத்துக்கொண்டு சேஸியைக் குப்பையில் எறிகிறோம். நம் கண்டி நகரத்துக் குப்பை போய்ச்சேரும் கொஹாகொட மேடு மகாவலிக் கரையில் இருக்கிறது. ஈயப் பற்று வைத்த பலகைகளையும் அங்கே சேர்ப்பது எனக்குப் பெரிய பிழையாகவே படுகிறது. பழுது பார்க்கிற தம்பிமார் ஒரு முறை மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கழற்றும்போது ஒன்று கவனியுங்கள். ஜெர்மானியம் சூடு தாங்காது. சிலிக்கன் 150 பாகை தாங்கும் இடத்தில் இது 75, 90 பாகையிலேயே கெடும். ஈயம் உருக்கும்போது குப்பிக்கும் பற்றுக்கும் இடையில் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டால் சூடு குறட்டுக்குப் போய்விடும். ஒலிப்பகுதியில் ஏ.சி. 128 இரண்டு இருந்தால் பிரிக்காமல் ஒரே உறையில் போடுங்கள். அவை சோடி பார்த்துப் பொருத்தியவை.