நெல் கொள்முதல் மதிப்பீட்டில் உழவருக்கும் இடம் வேண்டும்

நெல்லை அறுத்துக் களத்தில் குவித்துவிட்டால் மட்டும் உழவரின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வருவதால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்க்கும் நாளாகிவிடுகிறது. 1972-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இந்நிலையங்களை நடத்துகிறது. 2002 அக்டோபர் முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் இங்கேயே நெல் வாங்கி, இங்கேயே அரைத்து, ரேஷன் கடைகளுக்கு அரிசி அனுப்பப்படுகிறது. இம்முறை செம்மையாக நடைபெறுகிறதா என்பதை மதிப்பிடுவது யார்?

எத்தனை டன் வாங்கினோம், எவ்வளவு தொகை வழங்கினோம் என்பதை அலுவலகப் பதிவேடு சொல்லும். ஆனால் நெல் எத்தனை நாள் வெளியே கிடந்தது என்பதை அதில் காண முடியாது. எடை போட்ட பிறகுதானே பட்டியல் எழுதப்படுகிறது! அதற்கு முன் நேரும் இழப்பெல்லாம் உழவரின் கணக்கிலேயே சேர்கிறது.

காத்திருப்பின் விலை

அந்த இழப்பைச் சிறு கணக்கால் அறியலாம். கொள்முதலுக்குரிய ஈரப்பத வரம்பு 17 சதம். 17 சத ஈரமுள்ள 40 கிலோ சிப்பம் ஒன்றில் ஈரம் நீங்கலாக உள்ள பொருள் 33.2 கிலோ. வரிசையில் கிடந்து வெயிலில் ஈரம் 14 சதமாகக் குறைந்தால் அதன் எடை 38.6 கிலோவாகிவிடும். சிப்பத்திற்கு 1.4 கிலோ குறைகிறது. நூறு சிப்பம் கொண்டுவந்தவருக்குச் சுமார் மூன்றரைச் சிப்பம் காற்றோடு போய்விடுகிறது. மழை பெய்தாலோ ஈரம் ஏறி நெல் திருப்பப்படும், முளைக்கவும் கூடும். மழை மிகுந்த பருவங்களில் வரம்பு தளர்த்தப்பட்டதுண்டு. 2022 அக்டோபரில் மைய அரசு 19 சதம் வரை அனுமதித்தது. ஆனால் தளர்வு ஆணை வருவதற்குள் முளைவிட்ட நெல்லை அது காப்பாற்றாது.

இதே கணக்கு மறுபுறமும் பொருந்தும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கிய நெல் திறந்தவெளியில் அடுக்கிக் கிடந்தாலும் எடை குறையத்தான் செய்யும். அக்குறைவுக்குப் பணியாளர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக உழவரிடம் கூடுதல் நெல் கேட்பது முறையன்று. எனினும் குறைவு எங்கே ஏற்படுகிறது என்பதை இருதரப்பாரும் சேர்ந்து பார்த்தால்தான் வழக்குத் தீரும்.

ஒருவர் கண்ணுக்கு எல்லாம் தெரியாது

கொள்முதல் நின்றுவிட்டால் நாம் பட்டியல் எழுத்தரைக் கோபிக்கிறோம். லாரி வராததால் நிலையம் நிரம்பியிருக்கலாம், சாக்கு தீர்ந்திருக்கலாம். இவற்றைச் சுமை தூக்கும் தொழிலாளர் நன்கு அறிவர். நெல்லின் தரம் ஆலைக்காரருக்கும், அரிசியின் தரம் குடும்ப அட்டைதாரருக்கும் தெரியும். ஆகவே மதிப்பீடு செய்யும்போது இவர்கள் அனைவரையும் அலுவலருடன் ஒருசேர அமர்த்திக் கேட்பது அவசியம். அரசுக் கொள்முதல் முறைகளை மதிப்பிட, வளரும் நாடுகள் உட்படப் பல நாடுகளில் பயன்படும் வழிமுறை ஒன்று 2018-இல் திருத்தி வெளியிடப்பட்டது. விற்பவர்களையும் குடிமக்கள் அமைப்புகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்று அதுவும் சொல்கிறது.

இது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1994 டிசம்பரில் ராஜஸ்தானத்தின் கோட் கிரானா என்ற ஊரில், உழைப்பாளரும் உழவரும் சேர்ந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு மக்கள் மன்றம் கூட்டி, ஊர்ப் பணிகளின் கணக்குகளை உரக்கப் படிக்கச் செய்தது. வேலை நடந்த இடத்தைக் கண்டவர்களே கணக்கையும் சரிபார்த்தார்கள். அவ்வழி எழுந்த இயக்கமே 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு அடிகோலியது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவும் ரேஷன் விநியோகத்திற்குச் சமூகத் தணிக்கையை விதித்துள்ளது. அரிசிக்கு உள்ள தணிக்கை நெல்லுக்கும் ஏன் கூடாது?

குறித்து வையுங்கள்

வாய்ப்பேச்சாகச் சொல்லும் குறை எளிதில் மறக்கப்படும். ஆகவே நெல் கொண்டுசென்ற நாள், எடை போட்ட நாள், ஈரப்பதமானி காட்டிய அளவு, சிப்பங்களின் எண்ணிக்கை, கழித்த எடை, பணம் வங்கியில் வரவான நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஈரம் பார்க்கும்போது குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் நெல் எடுத்துக் கலந்து, உங்கள் முன்னிலையில் அளக்கக் கேளுங்கள். வெயிலில் சுட்ட நெல்லைச் சற்று ஆறவிட்டு அளப்பது நன்று.

பத்து உழவர்களின் நோட்டுகளைச் சேர்த்தால் நிலையத்தின் உண்மை நிலை விளங்கிவிடும். அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அளிக்கலாம். கிராம சபையிலும் வைக்கலாம். லாரி வந்த விவரம், சாக்கு இருப்பு ஆகியவற்றைப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனுவில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபை குறுவை நெல் பற்றிப் பேச ஏற்றது. சம்பா நெல்லுக்கு ஜனவரி 26-ஆம் நாள் கூட்டம் இருக்கிறது. அதற்குள் தொழிலாளரிடமும் ஆலைக்காரரிடமும் பேசி அவர்களையும் அழைத்து வாருங்கள்.