ரப்பரில் ஓசோன் விரிசல்

ஓசோன் விரிசல் என்பது, காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் வாயு, இழுவிசையில் இருக்கும் ரப்பரைத் தாக்குவதால் அதன் மேற்பரப்பில் தோன்றும் பிளவு ஆகும். டயர்களில் இது பெரும்பாலும் பக்கச்சுவரில் ஏற்படுகிறது. பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப் நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை உள்ளது. அடுத்துள்ள அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஏற்றிச் செல்லும் லாரிகள் மிகுதி. எனவே டயரின் ஆயுள் இப்பகுதியில் முக்கியத்துவம் உடையது.

வேதியியல்

ஓசோன் எல்லாக் கரிமச் சேர்மங்களையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை. ஆல்ககால், ஈதர் ஆகியவற்றில் ஆக்சிசனை அடுத்துள்ள கார்பன்–ஐதரசன் பிணைப்பை அது மெதுவாகத் தாக்குகிறது. ஆல்ககால்கள் ஆல்டிகைடு, கீட்டோன் போன்றவையாகவும், ஈதர்கள் எசுத்தர் போன்றவையாகவும் மாறுகின்றன. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பையோ ஓசோன் உடனே தாக்கிப் பிளக்கிறது. நீர்க்கரைசலில் எத்தனாலைவிட எதிலீனுடன் ஓசோன் லட்சம் மடங்குக்கும் அதிக வேகத்தில் வினைபுரிகிறது. இப்பிளப்பு ஓசோனாற்பகுப்பு எனப்படும்.

இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் ஒவ்வோர் ஐசோப்பிரீன் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ளது. அது அறுந்தால் சங்கிலியே துண்டாகிறது. ரப்பர் இழுபட்டிருந்தால் அறுந்த முனைகள் விலகி, உள்ளிருக்கும் புதிய பரப்பு ஓசோனுக்கு வெளிப்படுகிறது. இவ்வாறு விரிசல் ஆழமாகிறது.

ஓசோன் வரும் வழி

தரைமட்ட ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக வெளிவருவதில்லை. நைதரசன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிவதால் அது உருவாகிறது. டீசல் இயந்திரங்களும், மூலப்பொருளை ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வரை சூடாக்கும் சிமெண்ட் சூளைகளும் நைதரசன் ஆக்சைடுகளை வெளியிடுகின்றன. இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுத் தரநிலைப்படி, காற்றில் ஓசோனின் 8 மணிநேர வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகும். நூறு கோடியில் சில பத்துப் பங்கு ஓசோனே பாதுகாப்பற்ற ரப்பரில் விரிசலை உண்டாக்கப் போதுமானது.

அடையாளம்

ஓசோன் விரிசல்கள் இழுவிசையின் திசைக்குக் குறுக்கே அமைகின்றன. வெயிலால் மட்டும் ஏற்படும் வெடிப்புகள் திசையின்றி வலைபோலப் பரவுகின்றன. ஓடாமல் நிறுத்தப்பட்ட வண்டியின் டயரிலும் ஓசோன் விரிசல் ஏற்படும். ஆகவே தேய்மானத்தை மட்டும் பார்த்து டயர் நல்லது என முடிவு செய்ய இயலாது.

தடுப்பு

ரப்பர் கலவையில் மெழுகு சேர்க்கப்படுகிறது. அது மெல்ல மேற்பரப்புக்கு வந்து படலமாகிறது. டயர் வளைந்து நெளியும்போது இப்படலம் உடைவதால், பாரா-பினைலீன்டையமீன் வகை ஓசோன் எதிர்ப்பிகளும் சேர்க்கப்படுகின்றன. இவை ரப்பருக்கு முன்பாகவே ஓசோனுடன் வினைபுரிந்து தாம் செலவாகின்றன. இருப்பு டயர்களை வெயில் படாமலும், ஓசோனை உண்டாக்கும் பற்றவைப்புக் கருவிகள், மின்மோட்டார்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கியும் வைப்பது நல்லது.